சாதனையாளரின் மதினி

உச்சிப்புளி பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் என் தையல்கடை. அதை ஒட்டி பாய் கடை. அங்கே ஐஸ்கிரீம், சர்பத், மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி. பொருட்காட்சிக்காரர்கள் கழித்துப்போட்டதை பாய் வாங்கி வந்திருந்தார். கைக்குழந்தைகூட போனில் விளையாடும் காலத்தில் இதை யார் சீண்டுவார்கள் என்று ஊரே சிரித்தது. சீண்டியது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று என் வீட்டுக்காரரின் தம்பி, என் கொழுந்தன். மண்டபம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே வீடு, ஒரே உலை.

மேலேயிருந்து இறங்கும் விண்கலங்களைச் சுட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதிகம் எடுத்தவரின் எண் திரையில் முதல் வரியில் நிற்கும். மூன்று வருடமாக அங்கே நின்றது அவனுடைய 3,84,650. அதற்கு அடியில் என்னுடைய 3,79,200. இந்த ஆட்டத்தால் எத்தனை கல்யாண ஜாக்கெட்டுகள் நாள் தவறிப் போயின! வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

இதில் ஒரு கூத்து உண்டு. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் நிற்காது. கரண்ட் போனால் எண்ணும் போச்சு. அதனால் ஃப்ரீசருக்குப் போட்ட இன்வெர்ட்டரிலேயே அதுவும் ஓடியது. பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் காலையிலிருந்து கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு இன்வெர்ட்டர் தாங்காது. கொழுந்தன் தன் ஆட்டோ பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டிவிட்டு, பக்கத்திலேயே காவல் இருப்பான். சவாரிக்கு வந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள்.

"பொழப்பு முக்கியமா, ரெக்கார்டு முக்கியமாலே?" என்று கேட்பேன்.

"ஒங்களுக்கு வயித்தெரிச்சல் மதினி."

வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று சொல்ல நான் என்ன உத்தமியா? ஆனால் அதைவிட எரிந்தது வேறொன்று. என்னை அவன் போட்டியாகவே நினைத்ததில்லை. "மதினி சும்மா பொழுதுபோக்குக்குத் தட்டுவாங்க" என்று எல்லோரிடமும் சொல்வான். பெருவிரல் காய்த்துக் கிடக்கிறது எனக்கு. பொழுதுபோக்காம்!

போன வருடம் சென்னையிலிருந்து இருவர் வந்தார்கள். கேமராவோடு ஒரு பெண், ஒலிப்பதிவுக்கு ஒரு தாடிக்காரர். இந்த மாதிரிப் பெட்டிகளில் சாதனைக்காக மோதிக்கொள்பவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்களாம். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அவனுக்குப் போட்டி நான்தான் என்று அந்தப் படத்தில் வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் கொழுந்தனை உட்கார வைத்தாள் அந்தப் பெண். "உங்களுக்குப் போட்டி யாரு?"

"போட்டியா? இங்கன யாரு இருக்கா?" என்றான், நான் பக்கத்தில் நிற்கும்போதே. கத்தரி கையில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

தாடிக்காரருக்கு எந்தச் சத்தமும் ஆகவில்லை. பக்கத்து நேவி தளத்து ஹெலிகாப்டர் போகும்வரை காத்திருந்தார். பஸ் ஹாரன் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, "ஏதோ கொர்ருன்னு கேக்குதே" என்று ஃப்ரீசரைக் கண்டுபிடித்தார். ஒருவரையும் கேட்காமல் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினார். ஃப்ரீசர் நின்றது. பெட்டியும் நின்றது.

தாடிக்காரர் கட்டைவிரலை உயர்த்தி, "சூப்பர், இப்ப எடுக்கலாம்" என்றார்.

"யா அல்லாஹ்" என்று பாய் ஓடிவந்து சுவிட்சைப் போட்டார். திரை வந்தது. வரிசையாகப் பூஜ்யம். கொழுந்தன் தலையில் கைவைத்துக் குனிந்துகொண்டான். திரையைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் விட்டு வைத்திருந்தாள். போனில் போட்டோ இருக்குமே என்று அவன் தேடினான். இருந்தது, பன்னிரண்டு போட்டோ. எல்லாம் செல்ஃபி. எல்லாவற்றிலும் அவன் மண்டை எண்ணை மறைத்துக்கொண்டு இருந்தது.

"பரவால்ல, எவ்வளவுன்னு வாயால சொல்லுங்க" என்றாள்.

"மூணு லட்சத்து..." என்று ஆரம்பித்தான். "மூணு லட்சத்து..." நாசமாய்ப் போனவனுக்கு எண் தெரியவில்லை! தினமும் வந்து பார்த்தவன், மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பாய் கையை விரித்தார். கேமரா என் பக்கம் திரும்பியது.

மூன்று லட்சத்து எழுபதாயிரம் என்று சொன்னால் போதும். நான்தான் முதல். கேட்க நாதி இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, மறைப்பானேன். ஆனால் அவன் எண்ணைக் குறைத்துவிட்டால் மூன்று வருடம் நான் எதைத் துரத்தினேன்? எனக்கே அசிங்கமாக இருந்தது.

"மூணு லட்சத்து எம்பத்தி நாலாயிரத்து அறுநூத்தம்பது" என்றேன்.

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். "அம்புட்டுத்தானா?" என்றான்.

அந்த நிமிஷம் அவனைக் கொன்றிருக்கலாம்.

ஆறு மாதம் கழித்துப் படத்தை அவன் போனுக்கு அனுப்பினார்கள். சோற்றுத்தட்டோடு வீடே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. முக்கால்வாசி அவன்தான். நான் வந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். எண்ணைச் சொன்னேன், போய்விட்டேன். என் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது: 'சாதனையாளரின் மதினி.'

எல்லோரும் கைதட்டினார்கள். குழம்பு எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். அழுதேன். வேறென்ன செய்ய?

வெளியே கொழுந்தன் யாரிடமோ போனில் கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்தச் சென்னைப் பெண்ணிடம்தான்.

"அதெப்படிங்க மதினின்னு போடுவீக? மதினியெல்லாம் வீட்டோட. அங்கன அவுகதான் எனக்குப் போட்டி. மூணு வருசமா அவுகளுக்குப் பயந்துதான் பேட்டரியோட காவ கெடந்தேன். மாத்துங்க!"

படம் எங்கெங்கோ போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றாளாம். இவன் விடவில்லை. சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு வந்தேன்.