நடவுக்காரிகள் நிறுத்திய இடம்

பாட்டை எழுதுபவர் ஒருவர். பாடுபவர் இன்னொருவர். பக்கவாத்தியம் வாசிக்க ஏழெட்டுப் பேர். அப்படியானால் என் அண்ணன் பட்டணத்தில் என்னதான் செய்கிறான்? இது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கேட்டவர்களிடம், "படத்துக்கு மெட்டுப் போடுறான்" என்று தலையை நிமிர்த்திச் சொல்லிவிடுவேன். மெட்டை எங்கிருந்து எடுப்பான் என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அண்ணன் பத்து வயதில் நாடகக் கம்பெனியோடு போனவன். ஆர்மோனியம் படித்தான், எழுத்துப் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்புத் தேறியவள். ஊரில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும்.

ஒரு ஆனி மாதம், படத்தின் கதாநாயகிக்கு அம்மை போட்டு ஸ்டூடியோவில் வேலை நின்றது. அண்ணன் ஆர்மோனியத்தோடு ஊருக்கு வந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அவன் எந்த சங்கீத டைரக்டரிடம் வேலை பார்த்தானோ, அவர் கொடுத்தது. வாத்தியார் என்றுதான் அண்ணன் அவரைச் சொல்வான்.

"இந்த ஒரு பாட்டுக்கு நீயா மெட்டுப் போட்டுட்டு வாடா, புடிச்சா வச்சுக்கிறேன், இல்லேன்னா கடைசி வரைக்கும் உனக்கு ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிற வேலைதான்னு சொல்லிட்டாக. எட்டு நாளு கெடு. வாசி."

வாசித்தேன். முதல் அடி இப்படி இருந்தது: "ஓடை தாண்டிப் போனவரே, ஒருசொல் சொல்லிப் போகலையே."

அவன் ஆர்மோனியக் கட்டையை அமுக்கினான். நாலு சுரம் வந்தது, நிறுத்தினான். திரும்ப வாசிக்கச் சொன்னான். இரண்டு நாளில் முப்பது தடவையாவது வாசித்திருப்பேன். எது போட்டாலும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏத்தா, நீ வாசிக்கிறது வாத்தியாரம்மாகிட்டப் பாடம் ஒப்பிக்கிற மாதிரியே இருக்கு. அதே தாளந்தான் என் கையிலயும் வருது."

"நான் தப்பா வாசிச்சனா?"

"தப்பே இல்ல. அதான் கஷ்டம்."

எனக்குச் சுருக்கென்றது. பிழையில்லாமல் வாசிப்பதற்காகத் தலைமையாசிரியர் கையால் பரிசு வாங்கியவள் நான். ஆனால் கோபத்தைவிட யோசனைதான் பெரிதாக இருந்தது. மெதுவாக வாசித்துப் பார்த்தேன். தாளைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடினாலும் எழுத்து வரிசையாக வந்து நின்றது. எழுத்தையே பார்க்காத வாயில் இந்த வரி எப்படி வரும்?

அப்போது பெரியாற்றுத் தண்ணீர் வந்து எங்கள் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றேன். என் சித்திதான் நடவில் முன்பாட்டுக்காரி. அவள் ஒரு அடி பாடினால் மற்ற பெண்கள் திருப்பிப் பாடுவார்கள். வரியை இரண்டு முறை சொன்னேன், சித்திக்குப் பிடிபட்டுவிட்டது. தங்களுக்குத் தெரிந்த பழைய நடவு மெட்டிலேயே அதைப் போட்டுப் பாடினார்கள். அண்ணன் வரப்பிலேயே வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"பட்டணத்து மாப்ளைக்குச் சேத்துல கால் வைக்கக் கூசுதோ?" என்றாள் ஒருத்தி.

"படத்துல எங்களையும் காட்டுவீகளா கொழுந்தனாரே?" என்றாள் இன்னொருத்தி.

"உன்னக் காட்டுனா கொட்டகையில ஒருத்தனும் இருக்க மாட்டான்" என்றாள் சித்தி. வயலே சிரித்தது.

சிரிப்பு அடங்கிப் பாட்டு மறுபடி தொடங்கியபோதுதான் கவனித்தேன். "ஒருசொல்" என்றதும் எல்லாரும் நின்றார்கள். ஒரு மூச்சு நேரம் வயலில் சத்தமே இல்லை. பிறகுதான் "சொல்லிப் போகலையே" வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே இடம்.

"சித்தி, அங்கன ஏன் நிப்பாட்டுறீக?"

"காலெடுத்துப் பின்னால வைக்கணும்ல? சேத்துல இருந்து காலப் புடுங்கிக்கிட்டே பாட முடியுமா? நீதான் நட்டுப் பாரேன்."

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வரப்பில் இல்லை. வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.

நடவு மெட்டை அவன் தொடவில்லை. "அது ஊருக்கே தெரிஞ்ச மெட்டு, வாத்தியார் ஒரு நொடியில புடிச்சிருவாக" என்றான். அவன் எடுத்துக்கொண்டது அந்த நிறுத்தத்தை மட்டும்தான். அதைச் சுற்றி இரண்டு பக்கமும் புதிதாகக் கட்டினான். ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பவள் அங்கே வாயடைத்து நிற்பதுபோல் இருந்தது. அந்த வரியை முப்பது முறை வாசித்த எனக்கு அந்த இடம் தட்டுப்படவே இல்லை.

ஏழாம் நாள் ரயிலேறினான். வாத்தியாருக்குப் பிடித்ததா என்று கேட்டு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. எழுதத் தெரியாதவன், யாரையாவது கெஞ்சித்தான் பதில் எழுதவைக்க வேண்டும். நல்ல செய்தி இல்லாவிட்டால் கெஞ்சியிருக்க மாட்டான் என்று எனக்குள் பயம்.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போட்ட கொட்டகையில் அந்தப் படம் வந்தது. சித்தியும் நடவுப் பெண்கள் ஆறு பேரும் என்னோடு வந்தார்கள். வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கினேன். ஏழாவது பாட்டு அதே வரிதான். சங்கீதம் என்ற இடத்தில் வாத்தியார் பெயர் மட்டும் இருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் சித்தி.

"பாட்டு இருக்கு. வாத்தியார் பேருதான் இருக்கு, இந்த மெட்டு யாரு போட்டதுன்னு போடல."

"இத்தன படிச்சும் அது தெரியலையா?"

தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் எந்த மூலையிலும் அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை. மணலில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஏழாவது பாட்டு வந்தது. கதாநாயகி ஓடைக்கரையில் நின்று, "ஓடை தாண்டிப் போனவரே" என்றாள். "ஒருசொல்" என்றாள். நிறுத்தினாள்.

என் பக்கத்தில் ஏழு பேரின் வலது காலும் மணலில் பின்னால் இழுபட்டது.

"ஏத்தா, காலை எங்கன வைக்கிற? என் மடியிலயா?" என்று பின்னால் இருந்தவள் கத்தினாள்.

"நான் என்ன செய்ய? பாட்டு நின்னுச்சுல்ல" என்றாள் சித்தி.

மறுநாள் அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினேன். யாரோ ஒருவர்தான் வாசித்துக் காட்டுவார், அவருக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தே எழுதினேன். "ஏழு பேரும் கால் எடுத்தாக" என்று மட்டும்.