கடைசி ஆளுக்குப் பின்னால்

அவர் லிப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால், உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு அவர் படியேறித்தான் போயாக வேண்டும். "இதுல உனக்குத் தனியா வேற ஓட்டம் எதுக்குய்யா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருபது வருடமாக ஓடுகிறார். எந்தப் பந்தயத்திலும் முன்வரிசையில் வந்ததில்லை; வர வேண்டுமென்று ஆசைப்பட்டதும் இல்லை. ஓடுகிறவர்களுக்குத் தங்கள் முழங்காலைப் பற்றி நாள் முழுக்கப் பேச வரும். இவர் அதையும் பேச மாட்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

ஓட்டக்காரர்கள் வட்டாரத்தில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'வால்' என்றால் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் காட்டு ஓட்டத்தில், கடைசியாக ஓடுகிற ஆளுக்கும் பின்னால் ஒருவர் போக வேண்டும். வழி தெரிவதற்காகக் கிளைகளில் கட்டிய ஆரஞ்சு ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டு, யாராவது காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு. அந்த வேலை அவருடையது. அதோடு சேர்ந்த இன்னொரு வேலைதான் யாருக்கும் பிடிக்காதது. வால் ஒரு கணக்கான வேகத்தில் போவார். அவர் யாரைத் தாண்டிவிட்டாரோ அவர் அவுட். மார்பில் குத்தியிருக்கும் நம்பர் அட்டையைக் கழற்றி வாலிடம் கொடுத்துவிட்டு, ஜீப் நிற்கும் இடத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

இதில் அவர் கறார். அழுதவர்களிடமும் வாங்கியிருக்கிறார், கெட்ட வார்த்தையில் திட்டியவர்களிடமும் வாங்கியிருக்கிறார். ஓட்டத்தை நடத்துகிற பழைய விளையாட்டு வாத்தியார், 'விசில்' என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், இதற்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்.

ஓட்டத்துக்கு முந்தைய வாரத்தில் அவர் எப்போதும்போலத் தெருவில்தான் ஓடினார். விடியற்காலையில் ரொட்டிக் கடையின் பின்கதவு, பஸ்களைக் கழுவும் பணிமனை, ஆஸ்பத்திரியின் பின்வாசல், பிறகு பாலம். தபால் ஆபீஸ் வரை நேராக வரும் பாதை அங்கே மட்டும் காரணமில்லாமல் இடப்பக்கம் திரும்பி, மூன்று தெருக்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி பழைய சாலையிலேயே வந்து சேரும். கேட்டால், "அந்தத் தெருவுல நாய்த் தொல்லை" என்பார். நானும் போய்ப் பார்த்துவிட்டேன். அந்தத் தெருவில் நாயே கிடையாது. அவருடைய அண்ணன்தான் இருக்கிறார்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே காலம் தள்ளியவர். யார் வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. தரையை மிதித்துக்கொண்டே வரும். வாயும் அப்படித்தான்.

நாலு வருடத்துக்கு முன்பு அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அன்று காலையிலும் தம்பி 'ஒரு சின்ன ஓட்டம்' என்று காட்டுப் பக்கம் போனார். மூடுபனியில் வழி தவறி, கணுக்காலைத் திருப்பிக்கொண்டு, கோட்டு சூட்டுக்குக் கீழே சேறு அப்பிய ஷூவோடு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றிக்கொண்டாகிவிட்டது. அண்ணன் அத்தனை பேர் நடுவில், "ஓடறவன் ஓடிட்டே இருக்கட்டும். இனிமே என் வாசப்படிக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். தம்பி சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். அதோடு பேச்சு நின்றது. ஓரகத்திகள் இருவரும் இந்த வீம்பைச் சட்டை செய்யவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் போனில்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சேதி வந்தது.

"உங்க பெரியவர் ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருக்கார்ம்மா," என்றாள் அண்ணன் மனைவி.

"என்னக்கா சொல்றீங்க? நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷந்தானே ஆகுது!"

"டாக்டர் சரின்னுட்டார். மெதுவா ஓடலாமாம். இவரும் கார் பழக்கற மைதானத்தையே சுத்திச் சுத்தி வரார்."

"வால் யாருன்னு அவருக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? பேர் குடுத்துட்டு வந்ததுலேர்ந்து மனுஷன் சரியாவே சாப்பிடல."

மெக்கானிக்கின் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊசியைக் குத்திவிட்டுத்தான் "வலிக்குதா?" என்று கேட்பாள். வீட்டிலும் அதே முறைதான். சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"உங்க வேகத்துக்கு அவரால வர முடியாது. அவர் அட்டையையும் கழட்டி வாங்குவீங்களா?"

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

"நாலு வருஷம் கழிச்சு கூடப் பொறந்த அண்ணன்கிட்ட பேசற முதல் வார்த்தை, 'அட்டையைக் குடு'ங்கிறதா இருக்கணுமா?"

 மறுநாள் அவர் லிப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு விசிலுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை வாலாக வேறு யாரையாவது போட முடியுமா என்று கேட்டார். "உன்ன விட்டா எனக்கு யாருய்யா இருக்கா?" என்று விசில் போனை வைத்துவிட்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஆனால் சொல்ல வேண்டுமே.

வியாழக்கிழமை ரிப்பன் கட்டக் காட்டுக்குப் போனார். மேலே தூக்கி நிற்கும் வேர்கள், காலை வைத்தால் உருளும் கல், பாதி வழியில் ஓடை, ஓடையைத் தாண்டியதும் ஆளைக் கொல்லும் ஏற்றம். அந்த ஏற்றத்தில் மட்டும் வழக்கத்தைவிட நெருக்கமாக ரிப்பன்களைக் கட்டினார். அத்தனையையும் ஞாயிற்றுக்கிழமை அவரேதான் அவிழ்க்க வேண்டும். இருந்தாலும் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதுகில் கொட்டை எழுத்தில், 'பயிற்சி வாகனம், இடைவெளி விடவும்' என்று இருந்தது. நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் மேட்டிலேயே கூட்டம் கலைந்துபோக, கடைசி ஆளாக அந்த மஞ்சள் முதுகுதான் மிஞ்சியது. அதற்கு இருபதடி பின்னால் ரிப்பன்களை அவிழ்த்தபடி தம்பி நடந்தார். இறக்கம் வந்தபோது அண்ணனின் வலது கால் தன் பழக்கப்படி ஒவ்வோர் அடிக்கும் பிரேக் மிதித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஓடைக்கு வந்தபோதே வாலின் நேரம் தவறிவிட்டது. போன் அடித்தது.

"எங்கய்யா இருக்க?" என்றார் விசில்.

"ஓடைக்கிட்ட."

"இன்னுமா? முன்னாடி யாரு?"

"ஒருத்தர் இருக்கார்."

"நேரம் முடிஞ்சிடுச்சு, தாண்டி வந்துடு."

"ஒரு ரிப்பன் முடிச்சு சிக்கிக்கிச்சு. அவுத்துட்டு வரேன்."

அந்த ரிப்பன் ஏற்கெனவே அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. இத்தனை வருடத்தில் விசிலிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

ஏற்றத்தில் பாதி ஏறியதும் அண்ணன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது, ஆனால் மூச்சு சீராகத்தான் வந்தது. திரும்பிப் பார்க்காமலே, "எனக்காகப் பொய் சொல்ல வேணாம். நேரம் ஆயிடுச்சுன்னா தாண்டிப் போ," என்றார். சொல்லிக்கொண்டே மார்பில் இருந்த அட்டையின் ஊசியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அட்டை இருக்கட்டும்ண்ணா."

அண்ணனின் கை அப்படியே நின்றது. 

"அன்னைக்கு அவங்க மோதிரம் மாத்திக்கிட்டப்ப நான் உள்ள இல்லடா," என்றார்.

"உள்ள இல்லையா?"

"முன்வாசல்ல நின்னுட்டிருந்தேன். இதோ வந்துடுவான், வந்ததும் கூட்டிட்டுப் போலாம்னு. எல்லாரும் கூப்பிட்டாங்க. நீங்க ஆரம்பிங்கன்னுட்டேன். உள்ள கைதட்டற சத்தம் கேட்டுது. ஓடிப்போய்ப் பாக்கறேன், எல்லாம் முடிஞ்சிருந்துது. நீ பின்பக்கமா வந்து நிக்கற, ஷூ பூரா சேறு. போட்டோலகூட நான் இல்லடா."

 சபையில் பட்ட அவமானத்தைத்தான் நாலு வருடமாகத் தம்பி கட்டிக்கொண்டு அழுதிருந்தார். அண்ணனுக்குப் போனது அதைவிடப் பெரியது.

"எனக்குத் தெரியாதுண்ணா."

"எப்படித் தெரியும்? எதுக்கு வாசல்ல நின்னேன்னு உங்க அண்ணிகிட்டகூட நான் சொல்லல."

பிறகு இருவரும் எழுந்தார்கள். அண்ணன் முன்னால், தம்பி பின்னால். தம்பி சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார். போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அண்ணனுக்கு வாய் திறந்துகொண்டது. "கல்லு ஆடுது, பாத்து வா. வலது பக்கம் ஒதுங்கு. வேர் இருக்கு." இருபது வருடமாக இந்தக் காட்டில் ஓடுகிறவர், "சரிண்ணா, சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அவர்கள் காட்டை விட்டு வெளியே வந்தபோது முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவை இறக்கிச் சுருட்டியாகிவிட்டது. மேஜைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஓரகத்திகள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசில் கோபத்தில் ஊதிக்கொண்டே இருந்தார். கடைசி ரிப்பன் வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தது. தம்பி அதை அவிழ்க்க நின்றார். இந்த முடிச்சு நிஜமாகவே சிக்கிக்கொண்டது.

அண்ணன் தனியாக வெள்ளைக் கோடு வரைக்கும் வந்தார். கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று, திரும்பிக்கொண்டார்.

"தாண்டுங்க சார்! எல்லாரும் வீட்டுக்குப் போக வேணாமா?" என்று கத்தினார் விசில்.

"இருங்க. என் தம்பி வரட்டும்," என்றார் அண்ணன்.