பார்ஜோவின் பங்கும் கம்பெனியின் பங்கும்

கெதிரி ஊர்ப் பக்கத்தில் அறிவிப்பாளன் பார்ஜோவின் குரல் இல்லாமல் ஒரு வாலிபால் போட்டி நடந்ததில்லை. மைக் இல்லாவிட்டாலும் ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும். போட்டியை நடத்துவது சிகரெட் கம்பெனி. புள்ளிக்குப் புள்ளி கம்பெனி பெயரை அவன் முழங்க வேண்டும். கூலியாகக் காசா கொடுத்தார்கள், மகராசன்கள்! பெட்டி பெட்டியாகக் கிராம்புச் சிகரெட். வாயில் ஒன்று புகைந்தால்தான் விளம்பரப் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று வேறு சொன்னார்கள். மீசை முளைக்காத வயதில் தொடங்கியது அது.

அப்புறம் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகி அனுப்பினார்கள். காலையில் அதைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டுத்தான் அவன் மனைவி கத்தேமி சந்தைக்குச் சோறு விற்கப் போவாள். ஊரையே கூப்பிட்டவன், அவளைக் கூப்பிடக் கரண்டியால் தட்டைத் தட்டினான். கம்பெனியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வேறொரு குரலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பார்ஜோ செத்து இன்று ஏழாம் நாள்; வீட்டில் அவனுக்காக துஆ என்னும் பிரார்த்தனை. வரும் ஆண்களுக்குக் கண்ணாடித் தம்ளரில் சிகரெட்டை நிறுத்திப் பாயில் வைப்பது அங்கே வழக்கம். போகும்போது சோற்றுக்கூடை ஒன்றும் கையில் கொடுக்க வேண்டும். மூச்சு முட்டிச் செத்தவன் வீட்டிலும் சிகரெட் வைப்பார்கள். கேட்டால் மரியாதையாம். நல்ல மரியாதை!

கத்தேமி கூடை கட்டினாள், சிகரெட் வாங்கவில்லை. கொழுந்தன் வாகினோ அடுப்படிக்கு வந்து நின்றான்.

"அண்ணி, தம்ளரெல்லாம் காலியா இருக்கு. அண்ணன் துஆவுக்கு ஒரு சிகரெட்டுக்குக்கூட வழியில்லைன்னு பேசுவாங்க."

"பேசட்டும். பேச வாய் இருக்குல்ல அவங்களுக்கு."

"அண்ணன் மானம் போகும்ணி."

"உசுரே போயிடுச்சு. அவரு துஆவுல இந்த நாத்தம் வரக்கூடாது. இது ஒண்ணுதான் நான் கேக்குறது."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அந்த நேரம் பார்த்து வாசலில் கம்பெனிக் கார் வந்து நின்றது. ஹெந்த்ரா என்ற அதிகாரி கைநிறையச் சிகரெட் பெட்டிகளோடு இறங்கினான். வாகினோவுக்குப் போன மானம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பெட்டிகளைப் பிரித்துத் தம்ளர்களை நிரப்பினான். ஹெந்த்ரா அதைப் போனில் படமெடுத்துக்கொண்டான்.

பாயிலிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா, இவன் போனதே இதாலதானே?"

"பாக்கெட்டுலயே படம் போட்டு எச்சரிக்கிறோமே, ஐயா. யார் வாயிலயாவது நாங்க திணிச்சோமா? பிடிக்கிறதும் விடுறதும் அவங்கவங்க பொறுப்பு."

அடுப்படியில் இருந்த கத்தேமிக்கு அது கேட்டது. வாயில் சிகரெட்டை வைத்துப் படம் எடுத்தவர்களுக்கு இன்று பேச்சைப் பார்! அலமாரியில் துணியில் சுற்றி வைத்திருந்த குழாயை எடுத்தாள். ஒரு தம்ளரில் நிறுத்தினாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பாய்க்கு நடுவே பெண்கள் வருவதில்லை. அவள் வந்தாள். தம்ளரை ஹெந்த்ராவின் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க பேரைக் கூவுன தொண்டை. அது இருந்த இடத்துல இதுதான் இருந்துச்சு."

பற்றவைத்த ஒருவர் அவசரமாக அணைத்தார்.

"அவரு பொறுப்புன்னீங்க. அவரு மேல தப்பே இல்லன்னு நான் சொல்லல. விட்டிருக்கலாம், விடல. அவரு பங்குக்கு உசுரைக் கொடுத்துட்டாரு. உங்க பங்கு எங்க?"

ஹெந்த்ரா வாகினோவைப் பார்த்தான். வாகினோ தம்ளர்களிலிருந்த சிகரெட்டுகளை உருவி உருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். ஹெந்த்ரா எழுந்தான்.

"இருங்க," என்றாள் கத்தேமி. சோற்றுக்கூடை ஒன்றைத் திறந்தாள். சோற்றின் மேல் அந்தக் குழாயை வைத்து மூடி அவன் கையில் கொடுத்தாள்.

"துஆவுக்கு வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாது. கொண்டுபோய் உங்க முதலாளிக்குக் காட்டுங்க."

ஊரே பார்த்திருக்க அவன் அதை வாங்கிக்கொண்டு போனான். கத்தேமி அடுப்படிக்குத் திரும்பினாள். துஆ தொடங்கியது.