நாலேகால் அங்குலம்

என் அப்பா திருச்செங்கோடு தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. தினமும் காலை எட்டு மணிக்கு, கச்சேரி வளாகத்தில் நட்டிருந்த மழைமானியைத் திறந்து அளவு எடுப்பதும் அவர் பொறுப்பு. பெய்த மழைக்குப் பெயர் வைப்பவரே அவர்தான் என்று ஏழு வயதுப் பெண்ணான எனக்கு ஏகப் பெருமை. அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். பத்து சென்ட்டுக்குக் குறைந்தால் அது மழை நாளே அல்ல. இரண்டரை அங்குலத்தைத் தாண்டினால் கனமழை. உடனே சேலத்துக்குத் தந்தி போக வேண்டும், ஏரிக்கரைக்கு ஆட்கள் போக வேண்டும்.

ஓர் ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது விடிய விடியக் கொட்டித் தீர்த்தது. ஏரிக்குக் கீழேதான் நெசவாளர் தெரு. எட்டு மணிக்கு அம்மா அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மழைமானியில் இருந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். கீழே கொட்டாமல் செம்பில் சேர்த்துக்கொண்டு நேரே தாசில்தார் முன்னால் போய் நின்றாள்.

"நாலேகால் அங்குலமுங்க. கனமழைங்க."

"நல்ல மழைதாம்மா. அதுக்காகக் கனமழைன்னு எழுதீர முடியுமா? அவரு எந்திரிச்சு வந்து அளக்கட்டும்."

"அது வரைக்கும் கரை நிக்கோணுமுங்களே. தண்ணி இங்கயே இருக்குது. நீங்களே அளந்து பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாக ஊற்றத் தொடங்கினார். கண்ணாடி ஒருமுறை நிறைந்தால் அரை அங்குலம். நான் உரக்க எண்ணினேன். ஆறாவது முறை நிறைந்ததும் அவர் நிமிர்ந்து, தந்திக்கும் ஆட்களுக்கும் உத்தரவு போட்டார். பிறகுதான் மிச்சத்தை அளந்தார். எட்டு முறை நிறைந்து, ஒன்பதாவது பாதியில் நின்றது.

மதியம் சேதி வந்தது. கரையில் ஓரிடத்தில் மண் கரைந்து நீர் கசிந்திருக்கிறது. போனவர்கள் மண் மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார்கள். நெசவாளர் தெருவில் ஒரு தறிக்குழியில்கூட நீர் இறங்கவில்லை.

தாசில்தார் அம்மாவை வரச்சொல்லி மழைப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

"அளந்தது நீங்கதானுங்களே. நீங்களே கையெழுத்துப் போடுங்க."

வரிசையாக நின்ற அப்பாவின் ஆங்கிலக் கையெழுத்துகளுக்குக் கீழே அம்மா தமிழில் மெதுவாக எழுதினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, இது ஆரு பேரு?" என்று கேட்டேன்.

கச்சேரியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு மை காயும்வரை ஊதினாள். மூடப்போன பதிவேட்டை நிறுத்தி, இன்னொரு முறை பார்த்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறாள் போலும் என நினைத்துக்கொண்டேன்.