ஜப்பான் முஹ்ஸினின் பெட்டிச்சோறு

கண்டி கொழும்புத் தெருவில் முஹ்ஸினின் சாப்பாட்டுக்கடை எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ஜப்பான் முஹ்ஸின் கடை என்றால் பாதித் தூக்கத்தில் இருக்கிறவனும் எழும்பி வழிகாட்டுவான். ஆனால் அந்தக் கடைச் சமையலுக்கும் ஜப்பானுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. அங்கே கிடைத்தது சோறு, பருப்பு, மாட்டிறைச்சிக் கறி, வெள்ளிக்கிழமையானால் நெய்ச்சோறு. ஜப்பான் இருந்தது முதலாளியின் வாயில் மட்டும்தான்.

வாலிப வயதில் முஹ்ஸின் ஜப்பானுக்குப் போனது உண்மை. பேருவளையைச் சேர்ந்த மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர் கோபே என்ற துறைமுகப் பட்டணத்துக்குக் கப்பலேறியபோது, அங்கே ஹலாலான சாப்பாடு கிடைக்காது என்று பயந்து இவனைச் சமையலுக்குக் கூட்டிப் போனார். ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பினார்கள். வந்த சூட்டோடு வியாபாரி மௌத்தாகிவிட்டார். ஆக, முஹ்ஸின் ஜப்பானுக்குப் போனதற்கு இருந்த ஒரே சாட்சி மண்ணுக்குள் போய்விட்டது.

சாட்சி போனால் என்ன? வாயுள்ள பிள்ளை பிழைக்கும். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கோபேயின் சாப்பாட்டுக்கடைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவைப்பதே முஹ்ஸினின் தொழிலாகிவிட்டது. பாலத்தடியில் விலாங்கு மீனைக் கரியில் வாட்டித் தருகிற கடை. மேட்டுத் தெருவில் இடியப்பம் மாதிரியான ஒன்றைச் சூப்பில் மிதக்கவிடுகிற கடை. துறைமுக மூலையில் ஒற்றைக்கண் கிழவர் மீனையும் சோற்றையும் மரப்பெட்டியில் அமுக்கித் தருகிற பெட்டிச்சோற்றுக் கடை. எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது, எங்கே காரம் கேட்டால் கோபிப்பார்கள் என்பதெல்லாம் அவன் நாக்கு நுனியில் நின்றது.

தெல்தோட்டையிலிருந்து சாமான் வாங்க வரும் கறுப்பையா கங்காணி கம்பளைக்கு அப்பால் எங்கும் போகாதவர். அவரும் சோற்றைப் பிசைந்தபடி கேட்பார்: "ஏங்க முதலாளி, அந்தக் கோபே பக்கம் போனா மொதல்ல எங்கங்க சாப்பிடணும்?"

"பெட்டிச்சோத்துக் கடைக்கிப் போங்க கங்காணி. ஏன்ட பேரச் சொல்லுங்க."

கங்காணி மறந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு தலையாட்டுவார்.

ஊரே நம்பியது. நம்பாத ஒரே ஆள் அடுப்படியில் இருந்தாள். கடையின் சமையல் முழுவதும் முஹ்ஸினின் மனைவி றம்லத்தின் கையில்தான். கம்பளைக்காரி. அவள் வடித்தால் சோறு பருக்கை பருக்கையாக நிற்கும். கல்யாணமான புதிதில் ஜப்பான் கதையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"நீங்க கொழும்புத் துறைமுக ஜெட்டியத் தாண்டினதுக்கு என்ன அத்தாட்சி?"

பெட்டிக்குள்ளிருந்து ஒரு கடதாசி விசிறியை எடுத்துக் காட்டினான். அவள் புரட்டிப் பார்த்தாள். "இத விட வடிவானது கொழும்புப் பெற்றாக் கடைத்தெருவுல ஈக்குது" என்றாள். சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஜப்பான் துணியும் ஜப்பான் பீங்கானும் இல்லாத வீடு கண்டியில் எங்கே இருந்தது? அன்றைக்குப் பிறகு அவன் கல்லாவில் கதையை ஆரம்பித்தால் திரைக்குப் பின்னால் அகப்பை சட்டியில் 'டங்' என்று ஒரு தட்டுத் தட்டும். ஊர் முழுக்கக் கைதட்டினாலும் அந்த ஒரு 'டங்' முஹ்ஸினுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரு நாளாவது அவள் நம்ப வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அந்த நாள் வந்தது. அதே தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஹுஸைன் ஹாஜியார் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். அவருக்குத் துணி அனுப்பும் ஜப்பான் கம்பனியின் ஆள், மொரிமோத்தோ என்று பெயர், தலதா மாளிகையைப் பார்க்கக் கண்டிக்கு வந்திருந்தார்.

"பகல் சாப்பாடு ஒங்கட கடையில, முஹ்ஸின். அவங்கட ஊர்ச் சாப்பாடே போடுவீங்க எண்டு நான் வாக்குக் குடுத்துட்டேன். ஏலுமா?"

"ஏலுமாவா? ஹாஜியார், பெட்டிச்சோறே போடுறேன்!"

திரைக்குப் பின்னால் 'டங்'. இந்தத் தடவை இரண்டு.

முஹ்ஸின் அசரவில்லை. தச்சனிடம் ஓடி, அடியில்லாத ஒரு சின்ன மரப்பெட்டியும் அதற்குள் இறங்கும் பலகையும் கையால் அளவு காட்டிச் செய்வித்தான். காலை ரயிலில் ஐஸ் போட்டு வந்த கும்பளா மீனில் கண் தெளிந்ததாகப் பொறுக்கினான். பல வருசமாகக் கல்லாவை விட்டு எழும்பாத மனுசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்து, மீனை முள் களைந்து பிளந்து, உப்பில் புதைத்து, பிறகு தென்னை வினாகிரியில் போட்டான். றம்லத் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பில வைக்க மாட்டீங்களா?"

"இல்ல."

"அல்லாஹ்வே!"

சோறு மட்டும் அவள் பொறுப்பு. பெரிய இடத்து விருந்தாளி என்று மூட்டையில் இருந்ததில் உயர்ந்த சம்பாவை எடுத்து, கஞ்சியை ஒட்ட வடித்து, ஒரு பருக்கை இன்னொன்றைத் தொடாமல் ஆக்கி வைத்தாள். முஹ்ஸின் பெட்டிக்குள் மீனைப் பரப்பி, சோற்றைப் போட்டுப் பலகையால் அமுக்கினான். பெட்டியைத் தூக்கினான். சோறு பொலபொலவென்று சரிந்து மேசை முழுக்க ஓடியது. இன்னொரு தடவை செய்தான். அதுவும் ஓடியது. ஹாஜியாரும் விருந்தாளியும் அந்நேரம் மாளிகையில் இருந்தார்கள். வெளியே வந்தால் வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே இங்கேதான்.

"இது ஒட்டணும் றம்லத். பாச்சோறு மாதிரி. ஆனா பாலில்லாம. ஆறினதாவும் ஈக்கணும்."

"குழைஞ்ச சோத்த ஆறவெச்சு விருந்தாளிக்கி வைக்கிறதா? கம்பளையில கேட்டா ஏன்ட மானம் போவும்!"

"அவங்களுக்கு அதுதான் நல்ல சோறு. நான் கண்ணால கண்டேன்."

றம்லத் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ அசைந்தது. பொய் சொல்கிறவன் ருசியாகத்தானே சொல்லுவான்? கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுதென்பான். வேகாத மீன், குழைந்த சோறு, அதுவும் ஆறிப்போனது என்று எந்தப் புளுகனாவது புளுகுவானா? பச்சையரிசியைக் களைந்து, தண்ணீரை வடிக்காமல் வற்றவிட்டு இறக்கினாள். முஹ்ஸின் வினாகிரியும் சீனியும் உப்பும் கலந்து தெளித்து, ஒரு கையால் சோற்றை வெட்டி வெட்டிக் கிளறினான். மறு கையால் அந்தப் பழைய கடதாசி விசிறியால் விசிறினான். இரண்டு கையும் தாமாக நடந்தன. எங்கேயோ நின்று நாள் தவறாமல் பார்த்த ஒருவனின் கைகள் அவை. அவளுக்கு அது புரிந்துவிட்டது.

"நீங்க மெய்யாவே போயிருக்கிறீங்க" என்றாள் மெதுவாக.

எத்தனை வருசம் காத்திருந்த சொல்! முஹ்ஸினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஒரு பிடி சோற்றை அவன் பக்கம் நீட்டினாள்.

"புளிப்புச் சரியா? ஒங்களுக்குத்தானே ருசி தெரியும்."

அவன் வாங்கவில்லை. குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியாது றம்லத். அங்க ஒரு கடையிலயும் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. என்னத்த ஊத்துறாங்களோ, எந்தக் கத்தியால வெட்டுறாங்களோ எண்டு அந்த மாணிக்கக்கல் முதலாளிக்கிப் பயம். வெளியில சாப்பிட மாட்டேன் எண்டு சத்தியம் வாங்கிட்டார். அந்தக் கிழவர்ட கடை வாசல்ல ஒவ்வொரு நாளும் ஒருக்காப் போய் நிப்பேன். வாசம்தான் புடிச்சேன்."

றம்லத் அந்தப் பிடியைத் தன் வாயிலேயே போட்டு மென்றாள். அச்சாறு போட்டுப் பழகிய நாக்கு. இன்னும் ஒரு சொட்டு வினாகிரி விட்டாள். "கொண்டு போங்க" என்றாள். இந்தத் தடவை பெட்டியைத் தூக்கியபோது சோறு செங்கல்லாக நின்றது.

விருந்தாளி வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கடித்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கி, ஹாஜியாரிடம் இங்கிலீசில் விறுவிறுவென்று பேசினார். ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"முஹ்ஸின், தோக்கியோவில கையால புடிச்சு வைப்பாங்களாம். பெட்டியில அமுக்கிறது இவர்ட ஊர்ப்பக்கமாம். கோபேக்கி வராத ஆளுக்கு இது தெரியவே தெரியாதாம்!"

கடை முழுக்க ஆரவாரம். முஹ்ஸின் நெஞ்சை நிமிர்த்தினான். மொரிமோத்தோ இன்னொன்று கேட்டார்.

"எந்தக் கடையில சாப்பிட்டது ஒங்களுக்குக் கூடுதலாப் புடிச்சது எண்டு கேக்கிறார்" என்றார் ஹாஜியார்.

முஹ்ஸினின் வாய் திறந்தது. கறுப்பையா கங்காணிக்குச் சொல்லலாம். கண்டி முழுக்கச் சொல்லலாம். அந்த ஊரில் பிறந்த மனுசனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். அகப்பைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

அகப்பை தட்டவில்லை. றம்லத்தின் குரல்தான் வந்தது, கடை முழுக்கக் கேட்கும்படி.

"துறைமுக மூலையில ஒத்தக்கண் கிழவர்ட கடை, ஹாஜியார். வாசல்ல நீலத் திரை. படி ரெண்டும் தேய்ஞ்சு போயிருக்கும். பாலத்தடி விலாங்குக் கடையும் நல்லந்தான், ஆனா அங்க காரம் கேக்கப்படாது. இவர் நாள் தவறாம அந்தக் கிழவர்ட கடையிலதான் சாப்பிட்டவர். மறந்திருப்பார். நான் மறக்கல்ல."

நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு படி விடாமல் கேட்டு வைத்திருந்தாள். ஹாஜியார் அதை இங்கிலீசில் சொல்ல, மொரிமோத்தோ சிரித்துக்கொண்டு தலையாட்டினார். ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து முஹ்ஸினின் பக்கம் இரண்டு கையாலும் நீட்டினார்.

முஹ்ஸின் பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டான். கடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மென்றான். விழுங்கினான். தலையை நிமிர்த்திச் சொன்னான்:

"அதே ருசி!"

திரைக்குப் பின்னால் றம்லத் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.