பலாப்பழ வண்டி

அந்தப் பெண்ணை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, தபால் ஆபீஸில் நிறுத்திப் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மறதி அல்ல, ரோஷம்.

அறுபதுகளின் தொடக்கம். இலுப்பூர் மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். நோயாளிகளை ஏற்றிப்போக எங்களுக்குப் புதிதாக ஒரு வேன் வந்திருந்தது. உயிருக்கு ஆபத்தான கேஸ் என்றால் முன்கூட்டியே தபால் ஆபீஸ் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அங்கே கத்தியும் கத்தரிக்கோலும் வெந்நீரில் கொதிக்கும். டாக்டரை எங்கிருந்தாலும் அழைத்து வருவார்கள். எனக்கு அந்த அதிகாரம் ரொம்பப் பிடித்துவிட்டது. தேள் கடித்தாலும் போன், காய்ச்சலுக்கும் போன்.

ஒருநாள் ஒரு பண்ணையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவே அதிரக் கத்தினார். "குடல்ல ஓட்டை, ஆபரேஷனுக்குத் தயாரா இருங்க" என்று போனில் நானே நோயைத் தீர்மானித்தேன். டாக்டர் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். பண்ணையாரோ அன்னவாசல் தாண்டியதும் வேனின் குலுக்கலில் நீளமாக ஓர் ஏப்பம் விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியாளாகத் தின்றிருக்கிறார்.

ஆவூர்க்காரரான தலைமை நர்ஸம்மா, விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டார்: "ஏன் தம்பி, பழம் வந்துருச்சு. கொட்டையெல்லாம் அங்கிட்டே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

வராந்தாவே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வேனுக்குப் 'பலாப்பழ வண்டி' என்று பெயர். டிரைவர்கூடச் சிரித்தார். இனிப் போனைத் தொடுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். தலைப்பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. அவள் கத்தவே இல்லை. தபால் ஆபீஸ் அருகே டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"போன் பண்ணலையா சார்?"

"ஓட்டுங்க."

நாங்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் டாக்டர் குளத்தூருக்குக் கிளம்பியிருந்தார். ஜீப்பில் ஆளனுப்பித் திருப்பி அழைத்து வரும்வரை அவள் கண் செருகிக் கிடந்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரைக் கெளம்பவே விட்டிருக்க மாட்டேனே தம்பி" என்றார் நர்ஸம்மா. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

தாயும் அன்று பிறந்த மகளும் பிழைத்தார்கள். அவள் புருஷன், கடலைக் காட்டுக் கூலி, என் காலில் விழுந்தான். "நீங்கதான்யா காப்பாத்துனீங்க!" நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இரண்டாவது தப்பு.

அவர்கள் வீடு திரும்பிய பின் ஊருக்கே போய் இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். புருஷன் முகம் இறுகிவிட்டது. பிள்ளையை மடியில் போட்டிருந்த அவள்தான் பேசினாள்.

"ஒரு பலாப்பழத்துக்கா ஐயா இம்புட்டு வீம்பு? நானும் அந்தப் பண்ணையாரு மாதிரி கத்தியிருக்கணும்போல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "அடுத்தவளுக்காச்சும் போன் பண்ணுங்க" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது. கத்த முடிகிறவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. சத்தம் அடங்கிப்போனவருக்காகத்தான் போன். நர்ஸம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பாம்பு கடித்து இமை தூக்க முடியாமல் கிடந்த ஒரு கிழவருக்காக அடுத்த முறை போன் செய்தேன்.

"பழமா தம்பி, நெசமா?"

"நெசம்தாம்மா."

"வாங்க."

வேன் உள்ளே திரும்பியபோது டாக்டர் வாசலில் நின்றிருந்தார். சில நாளில் கிழவர் எழுந்து நடந்து வீடு திரும்பினார்.

அடுத்த பலாப்பழப் பருவத்தில் அந்தப் பெண், இடுப்பில் மகளும் தலையில் பெரியதொரு பழமுமாக மருந்தகத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னாள். வேன் ஊரைத் தாண்டும் முன் நான் தபால் ஆபீஸில் இறங்கிப் போன் செய்தேன்.

"அம்மா, இந்தத் தடவை பழம்தான் வருது."

"முன்கூட்டிச் சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்றார் நர்ஸம்மா. "கத்தியைக் கொதிக்க வைக்கிறேன்."