சன்னலோர நாற்காலி

மீன் துண்டுகளைக் காரம் கலந்த சோளமாவுப் பைக்குள் போட்டுக் குலுக்கும்போது ஓஸெல்லா டார்ப்லியிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால், "பொறு, காரம் ஒரு பக்கமே ஒட்டிக்கும்" என்பார், திரும்பிப் பார்க்காமலே. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். யார் என்ன கேட்டாலும் நேரே பார்த்துக்கொண்டு பதில் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மேக்கன் என்ற அமெரிக்க நகரின் எல்ம் தெரு அறக்கட்டளை இந்த மீன் வாணலியிலிருந்துதான் கிளம்பியது. தெருவில் சாவு விழுந்தால் சவப்பெட்டிக்குப் பணம் சேர்க்க, தேவாலய வாசலில் மீன் சாப்பாடு விற்றார்கள். செத்தவனுக்கு மட்டும்தானா, உயிரோடு இருக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாதா என்று ஓஸெல்லா ஒருநாள் சண்டை பிடித்தார். பிறகு வாடகை, கல்லூரிக் கட்டணம், குழந்தைகள் காப்பகம் என்று வேலை பெருகியது. பல் மருத்துவர் கொடுத்தார், சவ அடக்கக் கடைக்காரர் கொடுத்தார், ஓர் ஆசிரியை தன் வீட்டையே எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இவர்களைப் போன்ற கறுப்பர்களுக்குக் கடனே தராத பழைய வங்கி ஒன்றின் கட்டடத்தில் இப்போது அலுவலகம். பொரிப்பதும் கூடிச் சாப்பிடுவதும் பழைய மேலாளர் அறையில்தான்; அறை முழுக்க மீன் வாசம். ஓஸெல்லாவுக்கு அதில் தனி சந்தோஷம்.

உதவி கேட்டு வருபவர் மேசைக் கோடியில், சன்னலோர நாற்காலியில் உட்காருவார். முதல் தட்டு அவருக்கு. பாதி சாப்பிட்டதும் ஒரே கேள்விதான்: "என்ன வேணும்?" அதற்கு மேல் குடையக் கூடாது. முடிவு செய்யும் குழுவில் சேரவும் ஓஸெல்லா ஒரு விதி வைத்திருக்கிறார்: அந்த நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். தன் சலூன் எரிந்தபோது தேவாலயத்து டீக்கன் ரூஃபஸ் உட்கார்ந்தார். வீட்டில் மின்சாரத்தை வெட்டியபோது நர்ஸ் யொலாண்டா. பெரிய தொகை தருகிறேன், குழுவில் இடம் வேண்டும் என்று வந்த ஒரு செல்வந்தரிடம், "இடம் இருக்கு ராசா. மொதல்ல அங்க உக்காந்து ஏதாவது கேளுங்க" என்றார். வந்தவர் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

விதி போட்டவர் மட்டும் அதில் உட்கார்ந்ததே இல்லை. இந்த வசந்தத்தில் அடித்த புயல் அவர் வீட்டுக் கூரையில் பாதியைப் பெயர்த்துப் போட்டது. காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். ஓய்வூதியம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருக்கிறது. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கட்டிலைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, "காத்து நல்லா வருது" என்று சொல்லித் திரிந்தார். சுவரில் பூஞ்சை ஏறியது, மார்பில் சளி கட்டியது. இன்னொரு பெருமழை பெய்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"கேக்குறதுல என்னக்கா வெக்கம்? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க" என்றார் யொலாண்டா.

"உனக்குச் சொன்னேன்."

"அப்ப எங்களுக்கு ஒரு ஞாயம், உங்களுக்கு ஒரு ஞாயமா?"

ரூஃபஸ் சிரிக்காமல் சொன்னார்: "விதிப்படி பாத்தா, இத்தன வருசமா தகுதியில்லாத ஆளத்தான் நாம தலைவியா வச்சிருக்கோம்."

அன்று ரூஃபஸுக்கு வால் துண்டுதான் கிடைத்தது.

ஊரார் வெட்கத்தையெல்லாம் போக்கியவருக்குத் தன் வெட்கம் மட்டும் போகவில்லை. தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் யொலாண்டாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன வியாழக்கிழமை குழுக் கூட்டம். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓஸெல்லா மீனைக் குலுக்கினார், பொரித்தார், தட்டுகளில் போட்டார். இன்றைக்குக் கேட்க வந்தவர் யாருமில்லை என்றார் ரூஃபஸ். ஓஸெல்லா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு முதல் தட்டை எடுத்துப் போய்ச் சன்னலோரம் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி சாப்பிடத் தொடங்கினார். யொலாண்டா தன் தட்டைத் தொடவே இல்லை.

தட்டு பாதியானதும் ரூஃபஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என்ன வேணும்?"

ஓஸெல்லா சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, அவர்களைப் பார்த்து, "கூரை" என்றார்.